வோல்காவும் எங்கள் பாவடியும்

வோல்கா நதி எந்தத் திசையில் ஓடுகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அதன் கரையில் ஜெர்மன்காரனும் ருஷ்யாக்காரனும் மோதிக்கொண்டதில் ஆட்டையாம்பட்டியில் என் தறி நின்றது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் வீட்டு அடுப்பா அணைந்தது?

என் வீட்டுக்காரர் ஜெர்மன் கட்சி. எதிர்வீட்டில் இருந்த என் கூடப்பிறந்த அண்ணன் ருஷ்யா கட்சி. வெள்ளைக்காரனை அடிப்பவன் எவனானாலும் அவன் நம்மாள் என்பது வீட்டுக்காரர் கணக்கு. ருஷ்யாவில் தறிக்காரன்தான் ராஜா என்று அண்ணனுக்கு யாரோ ஓதியிருந்தார்கள். இரண்டு பேருமே சங்ககிரியைத் தாண்டிப் போனதில்லை.

இவர் எங்கள் மண்சுவரில் அடுப்புக்கரியால் ருஷ்யாவை வரைந்து வைத்திருந்தார். ஜெர்மன் படை எதுவரை வந்திருக்கிறது என்று காட்ட, வேலமுள்ளைக் குத்தி அதில் நூலை இழுத்துக் கட்டுவார். டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வந்ததும் முதல் வேலை, முள்ளைப் பிடுங்கிக் கிழக்கே நகர்த்துவதுதான். நூல் கிடைக்காமல் தெருவே தவித்த காலம் அது.

"தறிக்கு நூலில்லீங்க, செவுத்துல கட்டறீங்களே" என்பேன்.

"கொஞ்சம் பொறு புள்ள. ஜெர்மன்காரன் அந்த ஆத்தத் தாண்டிட்டா வெள்ளைக்காரன் மூட்டை கட்டீருவான்" என்பார்.

ஒருநாள் அண்ணன் வந்து அந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்தார். "அங்க பனி கொட்டுதுங்க மாப்ள. ஏற்காட்டுல இருந்து வீசற குளிருக்கே நாம போர்வையத் தேடறோம். உங்காளு வெறைச்சே சாவான்" என்றார். "சோத்துக்கு வக்கில்லாதவனெல்லாம் ருஷ்யா பேச வந்துட்டான்" என்றார் இவர். அண்ணன் நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போனார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அந்தத் தை மாதம், தறி பல வாரம் சும்மா கிடந்த பிறகு, முதலாளி ஒரு பாவுக்கு நூல் கொடுத்தார். கொடுக்கும்போதே, "இத நெய்ஞ்சு கொண்டாந்தாத்தான் அடுத்தது. கெடுத்துப்புட்டா என்ற ஊட்டுப் பக்கம் வந்துராதீங்க" என்றார். அவர் வாசலில் நூலுக்குக் காத்திருந்தவர்கள் அத்தனை பேர். அவர் எப்படி வேண்டுமானாலும் பேசலாம்.

நெய்வதற்கு முன் பாவை, அதாவது துணியின் நெடுக்கு இழைகளை, நீளமாக விரித்துக் கட்டிக் கஞ்சி போட வேண்டும். அதற்கென்று தெருக்கோடியில் இருந்த திடல்தான் பாவடி. யார் வீட்டுப் பாவானாலும் வீட்டுக்கு ஓராள் வந்தாக வேண்டும், கூலி கிடையாது. சாவுக்கும் பாவுக்கும் பகை பார்க்கக் கூடாது என்பது எங்கள் தெருவின் சட்டம். அதனால் அண்ணனும் விடிகாலையில் வந்து ஒரு முனைக் கயிற்றைப் பிடித்தார். மறுமுனையில் இவர். நடுவில் மற்றவர்கள் கஞ்சியைத் தேய்த்தார்கள். கஞ்சி பட்ட பாவைக் காயும்வரை தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது.

"உன்ற அண்ணன ஒரு சாண் எளக்கச் சொல்லு புள்ள."

"உன்ற ஊட்டுக்காரர மொதல்ல இழுக்கச் சொல்லு அம்மிணி."

கஞ்சிக் கையோடு இரண்டு முனைக்கும் நடுவே நான் ஓடிக்கொண்டிருந்தேன். பாவு முடிந்தால் போதும், இரண்டு பேரும் எக்கேடு கெட்டாலும் சரி என்று இருந்தது.

அப்போது பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் சேலம் பஸ் இருமிக்கொண்டு வந்து நின்றது. டீக்கடைக்காரர் அதில் வந்த பேப்பரை விரித்தபடியே பாவடிக்கு வந்துவிட்டார். வோல்காக் கரையில் ஜெர்மன் படை தளபதியோடு சரணடைந்துவிட்டது என்று வாசித்தார். பட்டினியும் பனியுமாக எஞ்சியவர்கள் கை தூக்கிவிட்டார்களாம். அண்ணன் பல மாதங்களுக்குப் பிறகு இவர் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டுச்சுங்களா மாப்ள?" என்று கேட்டுச் சிரித்தார்.

இவர் கயிற்றை விட்டுவிட்டார். ஈரப் பாவு அப்படியே புழுதியில் விழுந்தது. அதை மிதித்துக்கொண்டு இவர் ஓடிப்போய் என் அண்ணனின் சட்டையைப் பிடித்தார். விலக்கப் போனவர்களும் ஜெர்மன் கட்சி, ருஷ்யா கட்சி என்று பிரிந்து கத்தினார்கள். "பாவ ஆராச்சும் புடிங்க" என்று கெஞ்சினேன். ஒருவரும் திரும்பவில்லை. அவர்கள் ஓய்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. என் பாவு மண்ணோடு சேர்ந்து வடகம்போலக் காய்ந்து கிடந்தது.

முதலாளி சொன்ன சொல் மாறவில்லை. தறிக்குழியில் கோழி அடைகாத்தது. மாசி முடிவதற்குள் இவர் சேலத்துக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். எந்த வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவான் என்று முள் குத்தினாரோ, அவன் பட்டாளத்தில், அந்த ஜெர்மன்காரனையே சுட. அவர் போன அன்று சுவரிலிருந்த முள்ளையெல்லாம் பிடுங்கினேன். நூல் கரியேறிப் போயிருந்தது, எதற்கும் ஆகவில்லை.

பிறகு சர்க்காரில் தறிக்காரர்களுக்கு ரேஷன் கார்டு போட்டு நூல் கொடுக்க ஆரம்பித்தார்கள். நானே குழியில் இறங்கி நெய்தேன். பாவு போடும்போது இவர் முனைக் கயிற்றை நான் பிடித்தேன். பொம்பளை கஞ்சி தேய்க்கலாம், கயிறு பிடிக்கலாமா என்று தெருவில் முணுமுணுத்தார்கள். "கயித்த உட்டுட்டு ஓடுனது பொம்பளையா?" என்று கேட்டேன். எதிர்முனையில் அண்ணன் நின்றார். இழு, விடு என்பதைத் தவிர அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சண்டை முடிந்து இத்தாலியிலிருந்து இவர் வந்தார். அண்ணன் பார்க்க வந்தார்.

"ஜெர்மன்காரனப் பாத்தீங்களா மாப்ள?"

"பாத்தனுங்க மச்சான். கைதியாக் கூட்டியாந்தாங்க. ரொட்டி கேட்டான், குடுத்தேன்."

அண்ணன் வெற்றிலையை நீட்டினார், இவர் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது. ஒரு வெற்றிலையில் தீருகிற பகைக்கா என் பாவைப் புழுதியில் போட்டார்கள்?

அடுத்த பாவு அன்று இவர் பாவடிக்கு வந்தார். பழையபடி என் பக்கம் கையை நீட்டினார்.

"குடு புள்ள, நான் புடிச்சுக்கறேன்."

"கஞ்சி அங்க இருக்குதுங்க" என்றேன். கயிற்றை நான் விடவில்லை.