அறுபட்ட நுனி

அம்புரோஸுக்கு எழுத்து தெரியாது. ஊரெல்லாம் படித்துவிட்டுத் தன்னை ஒரு மாதிரியாகப் பார்க்கும் கதையில் என்னதான் இருக்கிறது என்று அவருக்கு மட்டும் தெரியாமல் போனது அதனால்தான்.

தூத்துக்குடிக் கரையில் சங்கு குளிக்கிறவன் தன் இடுப்புக் கயிற்றை எல்லோர் கையிலும் கொடுத்துவிட மாட்டான். கூடப் பிறந்தவனிடம்கூடக் கொடுக்க மாட்டான். பங்குச் சண்டை எந்த நேரத்தில் கைக்கு வருமென்று யார் கண்டது? மனைவியின் அண்ணன் தம்பியிடம்தான் கொடுப்பான். உடன்பிறந்தவளின் தாலியை எவனும் தன் கையால் அறுக்கத் துணியமாட்டான்.

அப்படித்தான் பதினொரு வருஷம் ரோச்சின் கயிற்றை அம்புரோஸ் பிடித்தார். ரோச் அவருடைய தங்கை அந்தோணியம்மாளின் புருஷன். முப்பத்தேழாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை, கீழே இறங்கியவன் கயிற்றை அசைத்து அடையாளம் காட்டவே இல்லை. அம்புரோஸ் இழுத்தார். கயிறு பாரமில்லாமல் வந்தது. அதன் முனை முறுக்குக் குலையாமல் முழுசாக இருந்தது. ரோச்சின் இடுப்பில் இருந்தது அவர் கையால் போட்ட முடிச்சு. யாரும் அவிழ்க்காமல் அவிழாது. கிறிஸ்துமஸ் முதல் ரோச் இருமி இருமி ரத்தம் துப்பியதும், “இனி வீட்டுக்குப் பாரமா இருக்க மாட்டேன் மச்சான்” என்று முந்தின நாள் சொன்னதும் அப்போதுதான் அவருக்கு ஒன்றாகச் சேர்ந்து புரிந்தன.

தற்கொலை செய்துகொண்டவனுக்கு மாதா கோயில் மணி அடிக்காது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. மதிலுக்கு வெளியே எருக்கஞ்செடிக்குள் புதைப்பார்கள். வள்ளத்தில் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்புரோஸ் மடியிலிருந்த கத்தியை எடுத்து, கயிற்றின் முனையில் ஒரு முழத்தை வெட்டிக் கடலில் போட்டார். பிறகுதான் கத்தினார்: “பாறையில உரசி அறுந்துபோச்சு.”

மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. இடுப்பில் கயிறு இல்லாததை, அலை உருவிக்கொண்டு போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். மணி அடித்தது. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லிக் குழியை மந்திரித்தார். மதிலுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் ரோச்சுக்கு இடம் கிடைத்தது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அம்புரோஸ் இதைச் சொல்லவில்லை.

ரோச்சின் மகள் பிலோமினாவுக்கு அப்போது ஒன்பது வயது. கன்னியர் மடத்துப் பள்ளியில் தமிழும் இங்கிலீஷும் படித்து வளர்ந்தாள். யுத்தம் முடிந்து காகிதம் கொஞ்சம் கிடைக்கத் தொடங்கியபோது, கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த கிருபாநிதி தன் அச்சகத்தில் பதினாறு பக்கப் பேய்க்கதைப் புத்தகங்கள் போட ஆரம்பித்தார். புது ஆட்கள் எழுதினார்கள். அவற்றில் ஒன்று பிலோமினா எழுதியது. கயிறு பிடித்தவன் மச்சானின் கயிற்றை அறுத்துவிடுகிறான். செத்தவன் ஒவ்வொரு அமாவாசைக்கும் வந்து, ஈரக் கயிற்றை அறுத்தவன் வாசலில் சுருட்டி வைத்துவிட்டுப் போகிறான். டீக்கடையில் ஒருவன் வாசிக்க, பத்துப் பேர் கேட்டார்கள்.

அந்த வருஷம் சங்குக்காலம் தொடங்கியதும் வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி தொம்மை, அம்புரோஸைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இந்தத் தடவை வேற ஆளு பாத்துக்கிடுதேன், அம்புரோஸு.”

“ஏன், என் கை நடுங்குதாக்கும்?”

“கை நல்லாத்தான் இருக்கு. குளிக்கிறவன் ஒருத்தனும் ஒங்கிட்டக் கயிறு தரமாட்டேங்கான்.” தொம்மை கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அன்னைக்கு அந்த நுனிய நானும்தான் பாத்தேன். பாறையில உரசுனா பிசிறு பிசிறா இருக்கும். அது பனங்கிழங்க நறுக்குனாப்ல இருந்துச்சு. ஒம்பது வருஷமா நான் கேக்கல. இனியும் கேக்க மாட்டேன்.”

டீக்கடையில் அவர் உட்கார்ந்தால், “ஏலே, தள்ளி உக்காரு. மச்சான் மடியில கத்தி இருக்கும்” என்று ஒருவன் சொல்வான், மற்றவர்கள் கிளாஸுக்குள் சிரிப்பார்கள். அதையாவது தாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன்குழம்பு கொடுத்தனுப்புவதை அந்தோணியம்மாள் நிறுத்திவிட்டாள்.

ஒரு மத்தியானம் அம்புரோஸ் தங்கை வீட்டுக்குப் போனார். பிலோமினா மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். அடுக்களையில் அந்தோணியம்மாள் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா, அந்தக் கதைய எனக்கு வாசிச்சுக் காட்டு.”

அவள் வாசித்தாள். கடைசி வரி முடிந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். “நான் ஒங்கள நெனச்சு எழுதல மாமா. இது கதைதான.”

“தெரியும். மச்சான் ஏன் அறுத்தான்?”

“மொதல்ல நான் அப்படி எழுதல. அவனே முடிச்ச அவுத்துட்டு அடியிலேயே தங்கிடுதான்னு எழுதுனேன். கிருபாநிதி அண்ணாச்சிதான், ‘அவனே அவுத்தா எவன் பயப்படுவான்? மச்சான் அறுத்தாத்தான் குலை நடுங்கும்’னு மாத்தச் சொன்னாவ.” இழுப்பறையிலிருந்து நாலு தாளை எடுத்து நீட்டினாள். “ரெண்டாம் பதிப்புக்குக் கேட்டிருக்காவ. இதையே குடுத்துடுதேன். ஒங்க பேரு தப்பிச்சிரும்.”

அடுக்களையில் அம்மிச் சத்தம் நின்றது.

அம்புரோஸ் தாள்களை வாங்கிப் பார்த்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி வரிகள். அவருக்கும் கடலுக்கும் மட்டும் தெரிந்தது அதில் எங்கோ இருந்தது.

“இத ஒங்கம்மா வாசிச்சாளா?”

“யாருக்கும் காட்டல.”

“அண்ணாச்சி சொன்னதுதான் சரி” என்றார். “இது நல்லால்ல.”

அவர் அடுக்களைக்குள் போய், தங்கையின் முகத்தைப் பார்க்காமல் தாள்களை அடுப்பில் வைத்தார். அவை கருகும்வரை அங்கேயே நின்றார். அந்தோணியம்மாள் சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

“எழுத்தே தெரியாதவுக நல்லால்லன்னு சொல்லுதாவ” என்று பிலோமினா முணுமுணுத்தது, அவர் படியிறங்கும்போது காதில் விழுந்தது.

அதன்பிறகு அவர் உப்பளத்துக்கு மூட்டை சுமக்கப் போனார். வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே யாரும் யாருடைய கயிற்றையும் பிடிக்க வேண்டியதில்லை. கூலி வாங்கித் திரும்பிய ஒரு நாள், மார்க்கெட் முனைக் கடையில் ரெண்டாம் பதிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையில் கத்தி பிடித்த கை ஒன்றைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள்.

படம் என்பதால் அதை மட்டும் அம்புரோஸால் வாசிக்க முடிந்தது.