'வில்லிங்' என்ற சொல்லுக்கு ஒரு சோதனை

காலை ஆறு மணிக்கு என் வகுப்பு. பூதலூரில் அண்ணன் வீட்டு மாடி அறையில் நான் கைப்பேசியை ஒரு டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார, கேரளத்தில் எங்கெங்கோ இருந்து முப்பது நர்சுகள் திரையில் வந்து சேர்வார்கள். பாதிப் பேர் இரவு டியூட்டி முடித்தவர்கள், மீதிப் பேர் பகல் டியூட்டிக்குக் கிளம்புகிறவர்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி நேர்காணலுக்கு அவர்களுக்கு ஆங்கிலம் வேண்டும். பாலக்காட்டில் பதினான்கு வருடம் குடும்பம் நடத்தியதில் எனக்கு மிஞ்சியது மலையாளம்தான். அதை வைத்துத்தான் என் பிழைப்பு.

அன்றைக்கு 'வில்லிங்' என்ற சொல்லை எடுத்திருந்தேன். இரவு வேலைக்கு வில்லிங்கா, எந்த வார்டுக்கும் வில்லிங்கா என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். மலையாளத்தில் எல்லாவற்றுக்கும் 'தய்யார்' என்று சொல்லிப் பழகியவர்கள், 'ரெடி' என்று பதில் சொல்லிவிட்டு நிற்பார்கள். பெட்டி கட்டி வைத்திருப்பவள் ரெடி, போக மனசு இருப்பவள்தான் வில்லிங் என்று விளக்கினேன். அதோடு ஒரு சோதனையும் உண்டு. வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, பின்னால் 'வேண்டாம் என்றும் என்னால் சொல்லியிருக்க முடியும்' என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் வில்லிங். பொருந்தாவிட்டால் வேறு சொல் தேடுங்கள். நானே கண்டுபிடித்த சோதனை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

எப்போதும் கேமராவை அணைத்தே வைத்திருக்கும் திருச்சூர்ப் பெண் மைக்கைத் திறந்தாள்.

"சேச்சி, வேண்டென்னு பறஞ்ஞால் எனிக்கு ஜோலி கிட்டில்லல்லோ. அப்போ ஞான் வில்லிங் ஆணோ?"

வேண்டாம் என்றால் வேலை கிடைக்காது. வீட்டில் எல்லோரும் அவளையே நம்பி இருக்கிறார்கள். அப்போதும் அவள் வில்லிங்தானா? நேரமாகிவிட்டது, நாளைக்குச் சொல்கிறேன் என்று வகுப்பை முடித்தேன். நேரம் ஒன்றும் ஆகவில்லை, இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அன்று பத்தரை மணிக்கு நான் பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா போய் ஒரு வருடம். அவர் விட்டுப்போன மூன்று ஏக்கரிலும் இந்த வீட்டிலும் எனக்குள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுத்து. எங்கள் குடும்பத்தில் பெண்கள் அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பார்கள். அத்தைகள் அப்பாவுக்குப் போட்டார்கள், அண்ணி தன் தம்பிக்குப் போட்டாள். மாட்டேன் என்றவளுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்துபோவது நின்றுவிடும். நானோ பிறந்த வீட்டில் குடியிருப்பவள்.

எனக்கு வேண்டியிருந்தது ஐந்து சென்ட். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில், ரோட்டை ஒட்டி, தண்ணீர் ஏறாததால் நெல் சரியாக வராத மேட்டுத் துண்டு. அங்கே ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, நானே பூட்டித் திறக்கிற ஒரு கதவு. மூன்று மாதமாக இதைக் கேட்க வாயெடுத்து, மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கெட்டவராக இருந்திருந்தால் கேட்டிருப்பேன். இனி இந்த மனிதரோடு வாழ முடியாது என்று பாலக்காட்டிலிருந்து நான் போன் செய்த அன்றே, நடவைப் பாதியில் விட்டுவிட்டு வேன் பிடித்து வந்து நின்றவர். ஏன், என்ன என்று இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாடியில் எனக்கென்று குளியலறை கட்டிக் கொடுத்தார். இவ்வளவு செய்தவரிடம் எந்த முகத்தோடு பங்கு கேட்பது? சில நாள் கோபம் கோபமாக வரும். யார்மேல் என்று தெரியாமல் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன்.

அலுவலகத்தில் நல்ல கூட்டம். பத்திரம் எழுதுகிறவர் எங்கள் முன்னால் ஒருமுறை கடகடவென்று வாசித்தார். சர்வே எண், நான்கு எல்லை, அப்புறம் "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதுடன் சம்மதித்து" என்று வந்தது. காலையில் நான் முப்பது பேருக்குச் சொன்ன அர்த்தத்தை இவர் என் பெயரில் எழுதி வைத்திருக்கிறார்.

"அண்ணே, நான் மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

அண்ணன் சிரித்தார். மிரட்டல் துளியும் இல்லாத, வாஞ்சையான சிரிப்பு. "நீ எங்கம்மா அப்படிச் சொல்லப்போறே," என்று தோளில் தட்டிவிட்டு, சாட்சிக்கு வந்தவர்களுக்கு டீ சொல்லப் போனார்.

என்னைக் கூப்பிட்டார்கள். "படிச்சுப் பாத்தீங்களாம்மா? சம்மதந்தானே?" என்று அதிகாரி கேட்டார்.

"சம்மதங்க."

கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். விரலை வைக்கச் சொன்னார்கள். ரேகை விழவில்லை. ஒரே ஒரு நிமிடம், இதோடு விட்டுவிடுவார்கள் என்று பைத்தியக்காரத்தனமாக ஓர் ஆசை வந்தது. "வேர்வையா இருக்கு, தொடச்சிட்டு வைங்கம்மா," என்றார்கள். புடவையில் துடைத்துவிட்டு வைத்தேன். விழுந்தது.

திரும்பும் வழியில் அண்ணன் மதகுக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்தினார். வாய்க்காலில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. மேட்டுத் துண்டைக் காட்டி, "இது சும்மாதானே கெடக்கு. டிராக்டருக்கு ஒரு ஷெட் போட்டுடலாம்னு பாக்குறேன். நீ என்னம்மா சொல்றே?" என்றார்.

நிலத்தைப் பற்றி என்னிடம் அவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"போடுங்கண்ணே," என்றேன்.

மறுநாள் காலை திருச்சூர்ப் பெண் எல்லோருக்கும் முன்னால் வந்து காத்திருந்தாள். நேர்காணலில் வில்லிங் என்றே சொல் என்றேன். அவள் விடவில்லை. "சோதனையோ, சேச்சி?" என்றாள்.

அந்தச் சோதனையை நோட்டில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னேன். பிறகு சேர்ந்து சொல்ல வைத்தேன். "ஐ ஆம் வில்லிங்." நானும் கூடவே சொன்னேன். உச்சரிப்பில் ஒருவருக்கும் பிழை இல்லை.