தேங்காய் எழுந்திருக்காத காலை

ராமாயி அக்காவின் விவசாயக் காட்டில் இரண்டாவது போர்க்கிணறும் புகையாகப் போனது, போன வருஷம் வைகாசியில். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். போர் வண்டி எண்ணூறு அடி துளைத்தும் தண்ணீர் வராமல் வெறும் பாறைத் தூசி மேலே பறந்தால், அது புகை. அந்தத் தூசி அக்காவின் முடியிலும் புடவையிலும் மாவு போல ஒட்டியிருந்தது. இரண்டு இடத்தையும் குறித்துக் கொடுத்தவன் நான்.

அம்மனை நம்பி வாழும் உங்களிடம் எனக்கு ஒளிவுமறைவு ஏது? என் பெயர் முத்துசாமி. வயது ஐம்பத்திரண்டு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இருபத்திரண்டு வருஷம் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தேன். குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடக்க வேண்டும். எந்த இடத்தில் அது எழுந்து நிற்கிறதோ அந்த இடத்தில் கல் நட்டு, கற்பூரம் ஏற்றி, வண்டிக்காரர்களுக்குக் காட்டிவிடுவேன். ஜேடர்பாளையத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஜேடர்பாளையம் அணையில் காவிரி நிறைந்து கிடக்கும். ஒரு மேடு ஏறி இந்தப் பக்கம் இறங்கினால் மாட்டுக்குக் காட்டவும் தண்ணீர் இருக்காது. அதனால் எனக்கு வேலை குறைந்ததே இல்லை.

அந்த இரண்டாவது புகைக்குப் பிறகு எனக்குள் ஏதோ நின்றுபோனது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. உடம்பில் நோய் இல்லை. ஆனாலும் சோறு வாயில் வைத்தால் மண் மாதிரி இருந்தது. கோயிலுக்குப் போவேன். படியோடு நின்று திரும்பி வந்துவிடுவேன். என் மனைவி சரசு ஒருநாள் சொன்னாள்: "ஏனுங்க, ஊட்டுல ஆள் இருக்கற மாதிரியே இல்லீங்க. சட்டை மட்டும் வந்து போகுது." அவள் சொன்னது சரி. அப்படித்தான் இருந்தேன்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் பைக்கில் போகும்போது, வழியில் மூடி போட்டுக் கிடந்த ஒரு வறண்ட போரைப் பார்த்தேன். நான் குறித்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அதுவும் நான் குறித்தது. இரண்டும் அந்தந்தக் காட்டின் வடகிழக்கு மூலையில் இருந்தன. வண்டியை நிறுத்தி, நான் பார்த்துக் கொடுத்த இடங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தேன். பாதிக்கு மேல் ஈசானிய மூலை. தண்ணீர் வடகிழக்கில் இருந்தால் குடும்பம் விளங்கும் என்று எங்கள் மக்களுக்கு ஒரு பிடிமானம். "ஈசானியத்துல வருமான்னு பாருங்க" என்று கேட்காத ஆளே இல்லை. என் தேங்காயும் அவர்கள் கேட்ட மூலையிலேயே எழுந்து நின்றிருக்கிறது. பாறைக்கு வாஸ்து எப்படித் தெரியும்? வேண்டுமென்றே பொய் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் முன்னால் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

அதே வாரத்தில் ராமாயி அக்கா ஆள் அனுப்பினார். மூன்றாவது போர் போடப் போகிறாராம். நேரில் போனேன். புருஷன் இல்லாத மனுஷி. இரண்டு மாடு, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி கொஞ்சம், வறண்டுபோன ஒரு பழைய கிணறு. அவ்வளவுதான் அவருடைய உலகம்.

"இந்தத் தடவையும் வரலைன்னா மாட்டைப் புடிச்சுக் குடுத்துட்டு ஆத்தூருக்கு மக ஊட்டுக்கே போயர்றேன் சாமி" என்றார். "மருமகன் தங்கமான பையன்தான். ஆனா அந்த ஊட்டுல டம்ளர் எடுத்தாக்கூட சத்தம் வராம எடுக்கோணும்."

"வேற யாரையாச்சும் வெச்சுப் பாருங்கக்கா" என்றேன்.

"உன்ற கைதான் எனக்கு. நாளைக்குக் காலைல வந்துரு."

அன்று சாயங்காலம் கரியகாளியம்மன் கோயில் படியைத் தாண்டி உள்ளே போனேன். மூன்று மாதத்தில் முதல் தடவை. அழவில்லை. நீளமாக வேண்டவும் இல்லை. "தாயே, நாளைக்கு என் கையை நம்பி ஒருத்தி நிற்பாள். தேங்காயை எழுப்புவது நீயாக இருந்தால் எழுப்பு. நானாக இருந்தால் எழுப்பாதே." இதை மட்டும்தான் கேட்டேன்.

மறுநாள் காலை வேலு வந்திருந்தான். போர் வண்டிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன், வாய்த்துடுக்குக்காரன். அக்கா ஈசானிய மூலையில் மஞ்சள் தெளித்து வைத்திருந்தார். நான் நடந்தேன். வடகிழக்கில் தேங்காய் அசையவில்லை. தெற்கே போனேன், மேற்கே போனேன். நான்கு மூலையும் சுற்றினேன். உள்ளங்கையில் குழந்தை தூங்குவது போலக் கிடந்தது.

"ஏனுங் மாமா, தேங்காய்க்கு சார்ஜ் எறங்கிருச்சுங்களா?" என்றான் வேலு.

அக்கா என் முகத்தையே பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் வாயில் வராத ஒரு சொல் அப்போது வந்தது.

"தெரியலைங்கக்கா. எனக்குத் தெரியலை. முன்னாடி ரெண்டு தடவையும் தெரியலை."

சாபம் கொடுப்பார் என்றுதான் நினைத்தேன். மஞ்சள் தெளித்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "செரி உடு சாமி. கை வலிக்கப் போவுது, எறக்கு" என்றார்.

இறக்கினேன். அப்போது நெஞ்சிலிருந்து இறங்கிய பாரம் தேங்காயைவிடப் பெரிது. என் வேண்டுதலுக்கு அம்மன் கொடுத்த பதில் அதுதான் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. வேலை போயிற்று என்று மட்டும் புரிந்தது.

ஆனால் அக்காவை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் மீட்டர் வைத்து நிலத்தடி நீர் பார்க்கும் ஒரு அம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். முன்பெல்லாம் மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருவன். பஸ் ஏறிப் போனேன். மாடிப்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

"செருப்பு இருக்கட்டுங்க, ஆபீஸ்தானே" என்றார். மேகலா என்று பெயர். என் வயதுதான் இருக்கும். நான் யார், என்ன செய்துவந்தேன் என்பதை மறைக்காமல் சொன்னேன். சிரிக்கவில்லை. "தெரியலைனு சொல்றதுக்கு நான் அஞ்சு வருஷம் காலேஜ்ல படிச்சேன். நீங்க ஒரு காலையில கத்துக்கிட்டீங்க" என்றார். அந்தப் பேச்சை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அக்காவின் காட்டுக்கு வந்தார். இரும்புக் கம்பிகளை வரிசையாக மண்ணில் அடிக்கச் சொன்னார். சுத்தியல் பிடித்தவன் நான்தான். கம்பி வழியாக மின்சாரம் விட்டு, மண்ணும் பாறையும் அதை எவ்வளவு தடுக்கின்றன என்று மீட்டரில் பார்த்துத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனார். ஈரமான விரிசல் இருந்தால் தடை குறையுமாம். சாயங்காலம் தாளை விரித்துக் காட்டினார். அடியில் எல்லாம் ஒரே பாறை. பழைய கிணற்றை ஒட்டி, வறண்ட போர்கள் பக்கமாக மேலாக மட்டும் ஒரு விரிசல் ஓடுகிறது, அதுவும் காய்ந்து கிடக்கிறது.

"மூணாவது போர் போடாதீங்க. ரெண்டு ஓட்டை சும்மாதானே இருக்கு? பூமிகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கோம். ஒரு தடவை மழைத் தண்ணியை அதுக்குக் குடுத்துப் பார்க்கலாம்" என்றார்.

"குடுத்தா வந்துருங்களா?" என்று அக்கா கேட்டார்.

"மீட்டர் சொல்றது பாதிதாங்க. மீதி பாறைக்குத்தான் தெரியும்."

இவ்வளவு படித்தவர், தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் கும்பிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. கோயிலில் நான் அப்படி நின்றதில்லை என்று தோன்றியது.

ஆவணி முழுக்க நானே குழி வெட்டினேன். இரண்டு வறண்ட போரையும் சுற்றி ஆள் மட்டத்துக்கு மேல் ஆழம். போர்க் குழாயில் துளை போட்டு வலை சுற்றி, அடியில் பெருங்கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல். மேட்டில் பெய்கிற மழை அங்கே வந்து இறங்கும்படி வாய்க்கால். கையெல்லாம் கொப்புளம். டீக்கடையில் வேலு, "தேங்காய் மாமா இப்பக் குழி மாமா ஆயிட்டாருங்கோ" என்று அறிவித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சோறு ருசித்தது.

ஐப்பசியில் மழை சுமாராகத்தான் பெய்தது. வாய்க்காலில் செம்மண் தண்ணீர் ஓடிவந்து, குழிக்குள் சுழன்று, காணாமல் போனது. எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. தினமும் கோயிலுக்குப் போனேன். எதுவும் கேட்கவில்லை. தெரியாததை அவளிடம் வைத்துவிட்டு வந்தேன். மாடுகள் இன்னும் தொழுவத்தில்தான் நின்றன. ஆனால் ஆத்தூருக்குப் போக அக்கா துணி மூட்டை கட்டி வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

கார்த்திகை முதல் வாரம், விடிந்து கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அக்கா.

"சாமி, பேசாத. காதுல வெச்சுக் கேளு."

ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம், எங்கேயோ கீழே, "களுக்" என்று ஒரு சத்தம்.

"கேட்டுச்சா? கெணத்துல கல்லுப் போட்டேன். இத்தனை வருஷமா 'டக்'குனுதான் கேக்கும். இரு, இன்னொண்ணு போடறேன்."

களுக்.

"போதுங்கக்கா, கல்லைப் போட்டே கெணத்தத் தூத்துப்புடாதீங்க" என்றேன்.

பெருவெள்ளம் ஒன்றும் வந்துவிடவில்லை. முதலில் முழங்கால் அளவு, தை பிறக்கும்போது இடுப்பளவு. மாட்டுக்கும் கிழங்குக்கும் அது போதும். துணி மூட்டையை அக்கா பிரித்துவிட்டார்.

அன்றைக்கு எழுந்திருக்காத அந்தத் தேங்காயை அம்மன் முன்னால் உடைத்தேன். இத்தனை மாதம் ஆகியும் உள்ளே வெள்ளையாக, நன்றாக இருந்தது. சரசு சட்னி அரைத்தாள். "இதுக்குத் தெரிஞ்ச வேலை இதுதானுங்க" என்றாள்.

இப்போது மேகலா அம்மாவுக்குக் கம்பி அடிக்கப் போகிறேன். மற்ற நாட்களில், நான் குறித்து வறண்ட போர்களைத் தேடி ஒவ்வொரு காடாகப் போய், உண்மையைச் சொல்லிவிட்டுக் குழி வெட்டிக் கொடுக்கிறேன். சிலர் திட்டுகிறார்கள். திட்டி முடித்துவிட்டு மோர் கொடுக்கிறார்கள். எல்லா இடத்திலும் தண்ணீர் ஊறவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஐம்பத்திரண்டு வயதில், காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது.

அம்மன் எனக்குத் தண்ணீர் காட்டவில்லை. ஒரு காலை நேரம் தேங்காயைப் படுக்க வைத்தாள். மீதியெல்லாம் அதிலிருந்து ஊறியது. உங்கள் கையிலும் எழுந்திருக்காத ஏதாவது ஒன்று இருக்கலாம். அதை எடுத்துக்கொண்டு படி தாண்டி உள்ளே போங்கள். தெரியவில்லை தாயே என்று சொல்லுங்கள். சத்தம் வரும்வரை காத்திருங்கள்.