விளாங்குடியில் எத்தனை உலை

“ஏம்மா, ஒங்க வீட்டுக்கு மாசம் எம்புட்டு வருதுன்னே ஒனக்குத் தெரியாது. நீயா மதுர ஜில்லாவுக்கு வருமானம் சொல்லப் போற?”

புள்ளிவிவர அலுவலகத்தில் நான் சேர்ந்த வாரம் தலைமை எழுத்தர் கேட்டது இது. அவர் சொன்னதில் பொய்யில்லை. அப்பாவுக்குக் காளவாசல் லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றும் வேலை. லோடு வந்தால் கூலி. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான், பி.ஏ. வரை போனேன். வேலையிலேயே அவருக்குப் பதில் சொல்வது என்று இருந்தேன்.

குறிப்பிட்ட தெருக்களில் வீடு வீடாகப் போய் மாத வருமானம் கேட்போம். ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை. பிறகு அட்டைகளை வருமானம் குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கி, சரியாக நடுவில் வருவதை எடுப்போம். அதுதான் இடைநிலை வருமானம். சராசரி பார்த்தால் ஒரே ஒரு ஜவுளிக்கடை முதலாளி தெருவையே பணக்காரத் தெருவாக்கிவிடுவார். நடு அட்டையை அவரால் அசைக்க முடியாது. சில வருடம் கழித்து அதே தெருக்களுக்கு மறுபடி போய், ஜில்லா ஏறியதா இறங்கியதா என்று பார்ப்போம். விளாங்குடியின் முதல் சுற்று முழுக்க என் கையெழுத்து.

இரண்டாம் சுற்றுக்கு என்னோடு வேலை பார்த்த இன்னொருத்தியை அனுப்பினார்கள். பேராசிரியர் மகள், என் வயதுதான். ஜனங்கள் மோர் கொடுத்தால் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பாளாம். நான் அதிகாரி மாதிரி வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அவளுடைய கைக்கடிகாரம், குடை, ஆபீசரிடமே சிரித்துப் பேசும் தைரியம், எதைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரியும். மெட்ராசில் ஆறு மாதப் பயிற்சிக்கு எங்கள் இருவரில் ஒருத்தியை அனுப்பப் போகிறார்கள் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வருகிறவள்தான் ஜில்லா முழுவதற்கும் கணக்குப் போடுவாள்.

அவள் கொண்டுவந்த அட்டைகளை அடுக்கியபோது விளாங்குடி இறங்கியிருந்தது. மில் சம்பளம் ஏறிய வருடங்களில் எப்படி இறங்கும்? ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, “நீ போய்ச் சரிபார்த்துட்டு வாம்மா” என்றார். அவள் தப்புச் செய்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

விளாங்குடியில் நான் ஓர் அட்டை எழுதிய வீட்டுக்கு அவள் இரண்டு எழுதியிருந்தாள். அந்த வீட்டுக்கார அம்மா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அத்தே, ஒரே குடும்பம்னுதானே அன்னைக்கிச் சொன்னீங்க?”

“ஆமா, ஒரே குடும்பந்தேன்.”

“பொறவு ரெண்டாவது வந்த பிள்ள ரெண்டுன்னு எழுதியிருக்கு?”

“அந்தப் புள்ள எத்தன உலைன்னு கேட்டுச்சு. பெரியவன் பொண்டாட்டி தனியா உலை வைக்கிறா. ரெண்டுன்னு சொன்னேன்.”

“எப்ப இருந்து?”

“அவென் கல்யாணம் முடிஞ்ச மறுமாசத்துல இருந்து. நீ வந்தப்பவே ரெண்டுதேன்.”

“அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீ எங்க உலையக் கேட்ட? குடும்பம் எத்தனன்னு கேட்ட. பக்கத்து வீட்டுக்காரி காதுல விழுக, எங் குடும்பம் ரெண்டாப் போச்சுன்னு நானே சொல்லுவனாக்கும்?”

எங்கள் விதிப்படி தனியாகச் சமைத்தால் தனிக் குடும்பம், தனி அட்டை. அண்ணன் தம்பி இருவர் சம்பளத்தையும் கூட்டி ஒரே அட்டையில் போட்டு, இரண்டு இழுபறி வீடுகளை ஒரு வசதியான வீடாக்கியிருந்தேன். அந்தத் தெருவில் மட்டும் இப்படி இன்னும் நாலு வீடு. விளாங்குடி இறங்கவில்லை. நான்தான் அதை முன்பு ஏற்றிவைத்திருக்கிறேன்.

உலை எங்கள் வீட்டுச் சொல். படித்தவளாகத் தெரிய வேண்டும் என்று வெளியே அதை வாயில் எடுக்க மாட்டேன். கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது? மறுநாள் அவளிடமே கேட்டேன்.

“நீங்க சொன்னதுதாங்க. ஒருநாள் சாப்பிடும்போது, எங்கண்ணன் தனி உலைன்னு சொன்னீங்களே.”

என் சொல்லை எடுத்துக்கொண்டு என் தெருவில் என்னை முந்தியிருக்கிறாள். அது அவளுக்குத் தோன்றக்கூட இல்லை.

‘இரண்டாம் சுற்று ஐயத்துக்குரியது’ என்று எழுதிக் கொடுத்தால் போதும், மெட்ராஸ் எனக்குத்தான். வெங்காயம் உரித்த அம்மாவைத் தேடி யாரும் போகப்போவதில்லை. அந்த வரியை எழுதவும் செய்தேன். மத்தியானம் வரை அது என் மேஜை டிராயரில் கிடந்தது. பிறகு கிழித்துவிட்டு, பிழை முதல் சுற்றில், அதை எழுதியது நான், இரண்டு சுற்றையும் அப்படியே ஒப்பிடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆபீசர் இரண்டு முறை படித்தார். “தெரிஞ்சுதான் குடுக்குறியாம்மா?”

“தெரிஞ்சுதான் சார்.”

மெட்ராசுக்கு அவள் பெயர் போயிற்று. எல்லோரும் ரயிலடிக்குப் போய் வழியனுப்பினார்கள். நான் போகவில்லை. அந்த ஆறு மாதம் என்னுடையது என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

முதல் சுற்றில் ஆனையூரும் என் கையெழுத்துதான். யார் எந்த வருடம் பிரிந்தார்கள் என்று கேட்டு அந்த அட்டைகளைத் திருத்த அனுமதி வேண்டி மனுக் கொடுத்திருந்தேன். பதில் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. அவள் ரயில் ஏறிய சாயங்காலம் ஆனையூரில் இரண்டு தெரு முடித்திருந்தேன்.