டாங்கிக்குப் போன செயின்

“…எங்க வீட்டுக்காரரு கல்லுல வச்சு அடிச்ச ஆணியில்ல இது, அண்ணே?” என்றா அவ, மேசையில் நின்ற டாங்கியின் பக்கமாகக் குனிந்து. தலையில் சுமந்து வந்த கத்தரிக்காய்ச் சாக்கை அப்போதுதான் இறக்கியிருந்தா.

இரணைமடுவுக்குத் திரும்பும் சந்தியில் சைக்கிள் திருத்துகிறவன் நான். எண்பதுகளின் தொடக்கம். சாமான் சுற்றி வந்த பழைய இங்கிலீஷ் சஞ்சிகைத் தாளொன்றில், உலகப்போர்க் காலத்து டாங்கி ஒன்றின் படம் அளவுகளோடு இருந்தது. அடிக்கு அரை அங்குலம் என்று வைத்துச் செய்யத் தொடங்கினேன். பால்மாத் தகர ரின்னை வெட்டி உடம்பு. குடைத்தண்டில் பீரங்கிக் குழல். நூல்கட்டையை அறுத்துச் சில்லுகள். படத்தில் தெரிந்த ஆணித்தலை ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டூசித் தலை. பெடல் குண்டுகளைப் போட்டு மேல்மூடியைச் சுழலவும் வைத்தேன்.

அப்போது எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் டாங்கியை நேரில் கண்டதில்லை. சனம் வந்து வந்து பார்த்தது. “எல்லாம் சரி, கலப்பையை எங்க பூட்டுறது?” என்று ஒரு கமக்காரர் கேட்டார். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

சில்லுகளைச் சுற்றி ஓடும் பட்டைதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து அவ சைக்கிளைக் கொண்டுவந்தா. கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்து, வாய்க்காலுக்கு அங்கால் குடியேறிய குடும்பம். கத்தரிக்காய் கட்டிக்கொண்டு கிளிநொச்சிச் சந்தைக்குப் போகிற சைக்கிள் அது. செயின் கழன்று கழன்று விழுந்தது; முன்பு அறுந்த கண்ணியொன்றை ஆணி அடித்துப் பொருத்தியிருந்தார்கள். இரண்டு கண்ணியைக் குறைத்திருந்தால் ஓடியிருக்கும். கால் மணித்தியால வேலை.

“செயின் தேஞ்சு முடிஞ்சுபோச்சு தங்கச்சி. புதுசு வவுனியாவிலயிருந்து வரவேணும்” என்று சொன்னேன். அவ அங்கால் போனதும் அந்தச் செயினைக் கழற்றி, இரண்டாக வெட்டி டாங்கியின் இரு பக்கமும் சுற்றினேன். அளவெடுத்த மாதிரி இருந்தது. கண்ணிகளின் மேல் தகரத் துண்டுகளை வைத்து ஈயத்தால் ஒட்டினேன்.

மூன்று கிழமை. சந்தை நாளெல்லாம் சாக்கைத் தலையில் வைத்தபடி வந்து, “வந்துருச்சாங்கண்ணே?” என்பா. “நாளைக்கு வரும்” என்பேன். வவுனியாவுக்கு நான் சொல்லிவிடவே இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்து காணி எடுத்த ஒருத்தரின் சைக்கிளில் இப்படிக் கை வைத்திருப்பேனா? மாட்டேன். சட்டையைப் பிடித்திருப்பார். மலைநாட்டிலிருந்து வந்த இவையள் கேள்வி கேட்கமாட்டினம் என்று நினைத்துத்தான் வெட்டினேன். இதை ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

அன்றைக்கு அவ அந்த ஆணியைக் கண்டுபிடித்ததும், “இருங்கோ தங்கச்சி, இப்பவே கழட்டிப் பூட்டித் தாறன்” என்று குறட்டைத் தேடினேன். கையில் அகப்பட்டதெல்லாம் வேறு சாமான்.

“ஈயம் வச்சு ஒட்டிட்டீங்களே, அது இனி மடங்குமாண்ணே?” என்றா. குரலில் கோபம் இல்லை. “நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. சந்தை கலைஞ்சிரும், நான் போறேன்.”

சுவரில் சாத்தியிருந்த, செயின் இல்லாத சைக்கிளை எடுத்தா. சாக்கைத் தூக்கிக் கரியரில் வைத்து ரியூப் நாடாவால் இறுக்கிக் கட்டினா. பிறகு கான்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே கிளிநொச்சி றோட்டில் ஏறினா.