தூக்கிய கையை இறக்கினேன்

“நாலெழுத்து படிச்சிட்டா போதுமா? கிராம சபைல போயி இன்னா கிழிக்கப் போற?” என்றார் அத்தை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான். கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை. மே தின விடுமுறையில் சபைக்குப் போனேன்.

சத்தத்தில் தீர்மானம் காதில் விழவில்லை. எல்லோரும் கை தூக்க, நானும் தூக்கினேன். “ரேஷன் கடைய ஹைவேக்கு அந்தாண்ட மாத்துறாங்க” என்றார் பக்கத்து அக்கா. அரிசிப் பையோடு அத்தை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடப்பதை நினைத்ததும் எழுந்துவிட்டேன்.

“தலைவரே, கேக்காம கை தூக்கிட்டேன். இன்னொரு வாட்டி படிங்க.”

சிலர் சிரித்தார்கள். தலைவர் மறுபடி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். இம்முறை நாலைந்து கைகளே எழுந்தன. கடை ஊருக்குள்ளேயே இருக்கிறது.

இப்போதெல்லாம் முழுதாகக் கேட்காமல் கை தூக்குவதில்லை. அடுத்த சபைக்குத் தெருப் பெண்களையும் அழைத்துவிட்டேன். “சீக்கிரம் போனாத்தான் மைக் கிட்ட இடம் கெடைக்கும்” என்கிறார் அத்தை.