சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்கள்

இராமேஸ்வரத்தில் நான் டீக்கடை வைத்திருந்தபோது எதிரே ஒரு விடுதி இருந்தது. விடுதி என்று சொல்லவே வாய் கூசுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இரண்டு அடுக்காகக் கதவு வைத்த மரப்பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் ஓர் ஆள் படுக்கலாம். எழுந்து உட்கார முடியாது. கையில் காசில்லாத சனம் வேறெங்கே போகும்? புறாக்கூடு என்று ஊரில் பெயர்.

அதைப் பார்த்துக்கொண்டவள் வீரலட்சுமி. திருப்புல்லாணிப் பக்கம் மழை பொய்த்து நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு வந்த சம்சாரி வீட்டுப் பெண். ஆள் போனதும் பெட்டியை வெளியே பூட்டிவிடுவாள். இல்லாவிட்டால் யாராவது ஓசியில் ஏறிப் படுப்பார்கள், முதலாளி அவளைத் தின்றுவிடுவான்.

போகிறவர்கள் அவளிடம் சொல்லிக்கொள்ளமாட்டார்கள். அஸ்தி கரைக்க வந்தவர்கள் 'போயிட்டு வாரேன்' என்றால் வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று பயம். அவளும் கேட்கமாட்டாள்.

ஓர் ஆடி அமாவாசைக்குச் சாயல்குடியிலிருந்து மலையாண்டி என்பவர் தாயின் அஸ்தியோடு வந்தார். கரைத்துவிட்டு, தீர்த்தமெல்லாம் ஆடி, ஈரத்தோடு நடுங்கிக்கொண்டே மேலடுக்கில் ஏறினார்.

"வந்த காரியம் முடிஞ்சதுத்தா" என்றார்.

மறுநாள் கூட்டம் மொத்தமாகக் கலைந்தது. வீரலட்சுமி அவரை ஒருதரம் கூப்பிட்டாள். பதில் இல்லை. போய்விட்டார் என்று, மூடியிருந்த கதவைத் திறந்துபார்க்காமலே பூட்டினாள். மத்தியானம் கடைக்கு வந்தவள், "மேல என்னமோ தட்டுற மாதிரி கேக்குதுண்ணே. வெயில்ல பலகை விரியுது போல" என்றாள். அவள் திரும்பிப் போனபோது சத்தம் நின்றிருந்தது.

சாயங்காலம் கூட்டுவதற்காகத் திறந்தாள். காய்ச்சலும் கூரைச் சூடும் சேர்ந்து ஆளை முடித்திருந்தன. காய்ச்சலில் செத்தார் என்று சொல்லி முதலாளி உடலை ஊருக்கு அனுப்பினான். பூட்டைப் பற்றி வாய் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று அவளை மிரட்டினான். அந்தப் படுபாவிமேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. அவளுக்கோ அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என்றைக்காவது அவர் வீட்டு ஆட்கள் வந்து கேட்பார்கள் என்று வாசலையே பார்த்துக் கிடந்தாள்.

தை அமாவாசைக்கு வந்தார்கள். மலையாண்டியின் மனைவி பூமயில், கொழுந்தனோடு, புருஷன் அஸ்தியைக் கரைத்துவிட்டு நேரே புறாக்கூட்டுக்கு வந்தாள். டீ கொண்டுபோன நான் அங்கேதான் நின்றேன்.

"அவுக படுத்திருந்தது எந்தப் பெட்டியிலக்கா?"

வீரலட்சுமி காட்டினாள்.

"எனக்கும் அதையே குடுங்க."

"வேணாந்தா, கீழ படு. போகையில ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

"கரைக்க வந்தவ எப்படிக்கா சொல்லிட்டுப் போவேன்?"

பூமயில் மேலே ஏறிப் படுத்தாள். கதவைப் பாதி இழுத்துவிட்டுக் கீழே குனிந்தாள்.

"அவுக கைமுட்டியெல்லாம் தோலுரிஞ்சு கெடந்துச்சு. குளிப்பாட்டயில பாத்தேன். என்னையவும் பூட்டிறாதீகக்கா."